மடிக்காத இலை

தேரிப்பாளையம் ஓவியக் கூடத்தின் பெரிய அறையில் மாட்டியிருந்த கல்யாணப் பந்தி ஓவியம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தன்னைப் பார்க்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தது. முதலில் சாப்பிட்டவர் மழைக்கு ஒதுங்கிய ஒரு குடை ரிப்பேர்க்காரர். அவர் ஓவியம் பார்க்க வந்தவர் அல்ல. ஈரம் சொட்டச் சொட்ட அறை அறையாக நடந்து, ஆள் உயரத்துக்கு மேலே நின்ற அந்தப் படத்தின் முன்னால் வந்து, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஜனங்களுக்கு நடுவில் ஆளில்லாமல் கிடந்த ஓர் இலையைப் பார்த்தார், பார்த்ததும் நாக்கு நுனியில் உப்பு கரித்தது, பிறகு மாங்காய் ஊறுகாய் வந்தது, அவியலும் பொரியலும் வந்தன, பருப்பும் நெய்யும் வந்தன, சாம்பார் வந்தது, ரசம் வந்தது, பாயசம் வந்தது, மோர் வந்தது, மோர் தொண்டையில் இறங்கியதும் அவர் விட்ட ஏப்பத்தில் வாசலில் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் விழித்துக்கொண்டார். "ரசத்துல மிளகு கொஞ்சம் தூக்கல். மத்தபடி ஒரு கொறையும் சொல்ல முடியாது வே" என்று அவரிடம் சொல்லிவிட்டு குடை ரிப்பேர்க்காரர் மழையில் இறங்கிப் போனார். வாட்ச்மேன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தை நாய்க்கு வைத்தார்.

ஏன் இப்படி என்று தேரிப்பாளையத்தில் யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள். மறுவாரமே பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்களும், காலேஜ் ஹாஸ்டல் பையன்களும், பெண்டாட்டி பிறந்தகம் போயிருந்த ஆண்களும், மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாத மாமியார்களும் கலையார்வம் பொங்கக் கூடத்து வாசலில் நின்றார்கள். நின்றுகொண்டு சாப்பிடுவது மரியாதையில்லை என்று யாரோ சொல்லப்போக எல்லாரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார ஆரம்பித்தார்கள், வெறும் தரையில் எப்படி உட்காருவது என்று இன்னொருவர் கேட்கப்போக கல்யாண மண்டபத்திலிருந்து நீளமான பந்திப்பாய் வந்தது, கை கழுவாமல் எழுந்து போவதா என்று பெண்கள் முகம் சுளிக்கப்போக நகராட்சி ஆள் வந்து பின்வாசலில் வரிசையாகக் குழாய் போட்டுக் கொடுத்தான். கையில் ஒன்றும் ஒட்டியிருக்காது, ஆனாலும் நெய் மணக்கும். இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் படத்தைப் பார்த்துக் கேட்டால் போதும், வரும். இதற்கும் ஜனங்கள் பழகிப்போய், "ஏ, இங்க சாம்பார்" என்று சுவரைப் பார்த்து அதட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

கூடத்தின் பொறுப்பாளர் ஜெனிட்டா, ஓவியம் படித்துவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு வந்த சின்ன வயதுப் பெண். 'அரங்குக்குள் உணவுப் பொருள் கொண்டு வரக்கூடாது' என்ற பலகையை என்ன செய்வதென்று அவள் ரொம்ப யோசித்தாள். யாரும் எதையும் கொண்டு வரவில்லையே, வயிற்றில் அல்லவா கொண்டு போகிறார்கள் என்று பலகையை அப்படியே விட்டுவிட்டாள். சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் வந்தார்; வண்ணக் கலவை பற்றிப் பெரிதாக எழுதப் போவதாகச் சொல்லிக்கொண்டு போனவர் எழுதிய கட்டுரையில் பாதி அவியலைப் பற்றி இருந்தது. வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று வந்து, ஊறுகாய்க்குக் கண்ணீர் விட்டு, மறுநாளும் வந்தது. இதில் யாரும் எதிர்பாராதது என்னவென்றால், பந்திக்குக் காத்திருக்கும் வரிசை அணைக்கட்டுப் படங்கள் மாட்டிய முன்னறையில்தான் நிற்க வேண்டியிருந்தது. நின்று நின்று, வேறு பார்க்க ஒன்றுமில்லாமல், மூட்டை தூக்குகிறவர்கள்கூட அந்த நீலத்தைப் பற்றி வாதம் பண்ண ஆரம்பித்தார்கள், "காலையில பாத்தா தண்ணி மாதிரி இருக்கு, மத்தியானம் பாத்தா வெறும் பெயின்ட்டால்ல இருக்கு" என்று ஒருவர் சொல்ல, "பசியில பாத்தா அப்படித்தாம்" என்று இன்னொருவர் சொல்ல, ஊருக்குள் கலையறிவு அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

படத்துக்குள் இருந்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். கூடம் இருந்த பங்களா பஞ்சாலை முதலாளி குற்றாலிங்கத்துடையது. படம் அவருடைய மகள் கல்யாணத்துப் பந்தி. வெளியூரிலிருந்து வரவழைத்த ஓவியர் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்து, மாதக்கணக்கில் அவுட்ஹவுசில் தங்கி வரைந்தது. அதனால் சாப்பிட வந்தவர்கள் சாப்பிட்ட கையோடு படத்தில் ஆள் தேடினார்கள், அதோ எங்கப்பா, அதோ எங்க பெரியம்மா, அதோ மாப்பிள்ளைத் தோழன் என்று காட்டினார்கள். இப்போது வார்டு கவுன்சிலராக இருக்கிற பூல்பாண்டி, மீசை அரும்பிய வயதில், இரண்டு கன்னமும் உப்ப, ஆளில்லாத இலைக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தார். நடுவில் பட்டு வேட்டியோடு, ஒரு கையை நீட்டி நின்றவர் குற்றாலிங்கம். படத்தின் கீழே பித்தளைத் தகட்டில் இப்படிப் பொறித்திருந்தது: 'திருமண விருந்து. பசித்து வந்த எவரையும் திருப்பி அனுப்பாத இல்லத்தின் காட்சி.' ஆளில்லாத இலையில் ஓர் ஆளை வரைந்துவிடுங்கள், அபசகுனமாக இருக்கிறது என்று அந்தக் காலத்திலேயே முதலாளி வீட்டில் கேட்டார்களாம். சரி என்று தலையாட்டிய ஓவியர் அன்றைக்கே ரயிலேறிப் போய்விட்டாராம்.

ஓவியம் ஊருக்குச் சோறு போட ஆரம்பித்த அதே செவ்வாய்க்கிழமை, எண்பதைத் தாண்டிய குற்றாலிங்கத்துக்குச் சோறு இறங்காமல் போனது. வாயில் வைத்த கவளம் வாயிலேயே நின்றது. மென்றார், மென்றார், விழுங்க முடியவில்லை, துப்பினார். மதுரையில் காட்டினார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். எலுமிச்சைச் சாறும் வடிகஞ்சியுமாகக் காலம் போயிற்று. ஊரே சாப்பிடுகிற படத்துக்கு முன்னால் அவரையும் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் ஏப்பம் விடுகிற சத்தம் கேட்டது, அவர் நாக்கில் உப்புகூடக் கரிக்கவில்லை. அவர் கட்டிய வீட்டில், அவர் போட்ட பந்தியில், அவருக்கு மட்டும் இல்லை. ஊர் அதற்கும் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பந்திக்கு உட்கார்ந்தது.

அரசு பெண்கள் பள்ளியின் கணக்கு டீச்சர் புனமாலை ஒருத்திதான் அந்தப் பக்கம் போகாமலே இருந்தாள். கல்யாண வீடுகளுக்குப் போவாள், மணமக்களுக்கு அட்சதை போடுவாள், பந்திக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். டீச்சருக்கு வயிறு சரியில்லை என்று ஊர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பெண்களைக் கூடத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னபோது அவளால் தட்ட முடியவில்லை. பெண்கள் காலையிலிருந்தே பட்டினி கிடந்து தயாராக வந்திருந்தார்கள். பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள், டீச்சரும் கடைசியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்து நிமிர்ந்து ஆளில்லாத அந்த இலையைப் பார்த்தாள்.

இலையில் பாதிச் சோறு இருந்தது. சாம்பார் விட்டுப் பிசைந்த சோறு. அதில் விரல்கள் அளைந்த தடம் பள்ளம் பள்ளமாக இருந்தது, அதில் ஒரு தடம் மட்டும் குட்டையாக இருந்தது. ஆலையில் மிஷினுக்குக் கொடுத்த விரல். அந்தக் கை பிசைந்து ஊட்டித்தான் அவள் வளர்ந்தாள்.

பருப்பு வந்தது, நெய் வந்தது, சாம்பார் வந்தது. பெண்கள் ரசத்துக்குப் போனார்கள், பாயசத்துக்குப் போனார்கள், மோர் குடித்து வாயைத் துடைத்தார்கள். புனமாலைக்குச் சாம்பாரோடு நின்றுவிட்டது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன டீச்சர், உங்களுக்கு இன்னும் முடியலையா? எல்லாருக்கும் ஒரே நேரத்துலதானே முடியும்?" என்று ஜெனிட்டா வந்து கேட்டாள்.

"எனக்குச் சாம்பாரோட சரி. அது எங்கப்பா இலை" என்றாள் புனமாலை. "நான் அவர் மடியில உக்காந்து அந்த இலையிலதான் சாப்பிட்டேன்."

வகுப்பில் தேற்றம் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில் மீதியையும் சொன்னாள். அப்பா வேலாண்டி ஆலையில் ஃபிட்டர். எல்லாரும் வாங்கலே என்று முதலாளி வாயாலேயே கூப்பிட்டிருந்தார், அதை நம்பி வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு மகளைத் தூக்கிக்கொண்டு போனார், ஆள் தெரியாத வெளியூர்க்காரர் யாரோ கையைக் காட்டிய இடத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அவர் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்பது பந்தியிலிருந்த ஊர்க்காரர் எல்லாருக்கும் தெரியும். ரச வாளி வரும்போது தாசில்தார் குடும்பம் வந்து நின்றது, இடம் இல்லை. முதலாளி பந்தியை ஒரு பார்வை பார்த்தார், நேராக வந்தார், கையை நீட்டினார். ஏலே, எந்திலே. ஒனக்கெல்லாம் முதப் பந்தி கேக்குதோ. சாம்பார் கையோடு அப்பா எழுந்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவரும் தலை தூக்கவில்லை. அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் அவர் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை, மகளும் உட்காரவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் காதில் ஒன்று விழுந்தால் ஊருக்கு மைக் வைத்துச் சொன்ன மாதிரி. பொழுது சாய்வதற்குள் டீக்கடையில் பூல்பாண்டி தீர்ப்பே எழுதிவிட்டார்: "விருந்தாளி இலையில பாதி கெடக்கும்போது வீட்டுக்காரன் எப்படி வே சாப்புட முடியும்? கடைசி ஆள் சாப்புட்டு முடிச்சாத்தானே அவரு உக்காரணும்? டீச்சர் முடிக்கல, முதலாளிக்கு எறங்கல. இதுக்கு எதுக்கு மதுரைக்குப் போனாக?" எல்லாருக்கும் இது நியாயமாகப் பட்டது. ஆனால் பின்னாலேயே இன்னொரு யோசனையும் வந்தது. டீச்சர் முடித்துவிட்டால் பந்தி முடிந்துபோகுமே. அப்புறம் ஊருக்கு ஏது சோறு?

அன்றிலிருந்து புனமாலை வீட்டில் ஆள் வரத்து ஓயவில்லை. முன்வாசலில் முதலாளி மகள், அந்தப் பந்தியின் கல்யாணப் பெண், நரைத்த தலையோடு வந்து, "எங்கப்பா ஈர்க்குச்சியாப் போயிட்டாரு, ஒரு வாய் சாப்புட்டு முடிச்சிருங்க டீச்சர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அழுவாள். அவள் கார் கிளம்பியதும் பின்வாசலில் ஊர்க்காரர்கள் வருவார்கள். வாழைத்தார் கொண்டு வந்தார்கள், பனங்கிழங்கு கொண்டு வந்தார்கள். "அவசரப்பட்டு முடிச்சிராதிய டீச்சர்" என்றார்கள். "அவரு வாழ்ந்து முடிச்சவரு. எங்க பிள்ளைக வாழ வேண்டியவுக" என்றார்கள். "ஒங்கப்பாவ எழுப்புன ஆளு, கெடக்கட்டும், நல்லா வேணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவர்களும் உண்டு. அவர்களில் பாதிப் பேர் படத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகள். புனமாலை எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள், யாருக்கும் பதில் கொடுக்கவில்லை.

அந்த மனுஷன் பட்டினி கிடப்பது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் தன்னிடம் மறைத்துக்கொள்ளவில்லை. பாடம் நடத்தும்போது, பஸ்ஸில் போகும்போது, துணி மடிக்கும்போது, இந்நேரம் அவன் வாயில் வைத்துத் துப்பிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வாள், மனம் குளிரும். ஆனால் போதவில்லை. பட்டினி யாருக்கும் வரும். வியாதியால் செத்தான் என்று ஊர் சொல்லும், ஆலையில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்குவார்கள், பித்தளைத் தகடு அப்படியே இருக்கும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஆள் ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஊரே பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், பாதிச் சாப்பாட்டில், கையில் சாம்பார் சொட்ட, அவன் இலையை விட்டு எழ வேண்டும். எழுப்ப வேண்டுமானால் முதலில் உட்கார வைக்க வேண்டும். உட்கார வைக்க வேண்டுமானால் அவள் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

அவளுக்கு வழி காட்டியது பூல்பாண்டிதான், அவருக்கே தெரியாமல். கவுன்சிலர் என்பவர் இரண்டு பக்கமும் ஓட்டு வாங்க வேண்டியவர், அதனால் இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற ஒன்றை மண்டையைக் குடைந்து கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், நாஞ் சொல்லுதேன் கேளுங்க. மோர் வரைக்கும் நல்லாச் சாப்புட்டு முடிச்சிருங்க. முதலாளிக்குத் தொண்ட தெறந்துரும். ஆனா இலைய மட்டும் மடிக்காதிய. கடைசி இலைய மடிச்சாத்தானே பந்தி முடிஞ்சதா அர்த்தம்? மடிக்காத வரைக்கும் பந்தி நடந்துக்கிட்டுத்தானே இருக்கும்? அவருக்கும் உசுரு, நமக்கும் சோறு. என்ன சொல்லுதிய?"

"சரி" என்றாள் புனமாலை.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று எதிர்பார்க்காத பூல்பாண்டி அடுத்துச் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் விழுங்க வேண்டியதாயிற்று.

"ஆனா அவரே வந்து என்னைச் சாப்பிடக் கூப்பிடணும். அன்னைக்கு ஊர் மொத்தமும் பந்தியில இருக்கணும், அவரும் நடுவுல, உங்க எல்லாரோடயும், பாயிலதான் உக்காரணும்."

"இதென்ன பெரிய விஷயம், இப்பவே கூட்டிட்டு வாரேன்" என்று எழுந்தார் பூல்பாண்டி.

குற்றாலிங்கம் மறுநாள் காலையில் வந்தார். அவருடைய கார் அந்தத் தெருவுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே போக வேண்டியிருந்தது. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தார், கண் மட்டும் பழைய முதலாளியின் கண். கைகளைக் கூப்பினார்.

"டீச்சர், நம்ம வீட்டு விருந்துக்குக் குடும்பத்தோட வந்து சாப்புடணும்" என்றார், பத்திரிகை வைக்கிற குரலில்.

"எங்கப்பாவை எழுப்பினது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்த மாதிரி தெரியவில்லை, உண்மையாகவே யோசித்தார்.

"எத்தன கல்யாணம், எத்தன பந்தி. கூட்டம்னா நாலு பேர எழுப்பத்தானம்மா செய்யணும். யார யார எழுப்புனேன்னு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றார். "மனசுல வச்சிக்கிடாதிய."

அந்த நிமிஷம் வரைக்கும் அவள் கொஞ்சம் இளகக்கூடும் என்று சொல்ல இடம் இருந்தது. அவள் அப்பா ஒரு வாழ்நாள் முழுக்கச் சுமந்ததை இந்த மனுஷன் ஒரு நாள்கூடச் சுமக்கவில்லை. நாலு பேரில் ஒருவர், அந்த நாலில் யார் என்றுகூடத் தெரியாது. அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. "வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் ஊசி விழ இடமில்லை. பெரிய அறையில் பந்திப்பாய்கள் வரிசை வரிசையாக விரித்து, அது போதாமல் அணைக்கட்டு அறையிலும் விரித்து, கதவைக் கழற்றி வைத்திருந்தார்கள். இது சாதாரண நாள் இல்லை என்பதால் பூல்பாண்டி ஏற்பாட்டில் ஒவ்வொருவர் முன்னாலும் வெற்று வாழையிலையும் போட்டுத் தண்ணீரும் தெளித்தாயிற்று. முதல் வரிசை நடுவில், முதுகுக்குப் பின்னால் தலையணைகள் அடுக்கி, குற்றாலிங்கம் உட்கார்ந்தார். அவருக்கு இடது பக்கம் பூல்பாண்டி, வலது பக்கம் ஊர் டாக்டர். புனமாலை ஓவியத்துக்கு நேர் முன்னால் தனியாக உட்கார்ந்தாள். அவள் முன்னால் இலை கிடையாது. அவள் இலை சுவரில் இருந்தது.

முதலில் அவளுக்கு மட்டும்தான் வந்தது. சாம்பார் முடிந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ரசம் வந்தது.

ஆறு வயதில் வர வேண்டிய ரசம். சூடாக இருந்தது, மிளகு தூக்கலாகத்தான் இருந்தது, மூக்கிலும் கண்ணிலும் ஏறியது. அவள் அழுதாள். அப்பா பக்கத்தில் இல்லாமல் தான் மட்டும் குடிக்கிறோமே என்று அழுதாள், இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று ஆத்திரத்திலும் அழுதாள். படத்தில் அந்த இலையிலிருந்த சோறு குறைந்துகொண்டே வந்தது, பாயசம் வந்தது, மோர் வந்தது, குட்டை விரலின் தடம் மறைந்து இலை பச்சையாகத் துலங்கியது. புனமாலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இலையை மடிக்கவில்லை. ஊர் பெருமூச்சு விட்டது.

குற்றாலிங்கத்தின் நாக்கில் உப்பு கரித்தது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. பருப்பும் நெய்யும் வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார், வெறும் இலையில் கையை வைத்துப் பிசைந்தார், வாய்க்குக் கொண்டுபோனார், விழுங்கினார். இறங்கியது. மகள் சத்தம் போட்டு அழுதாள், எல்லாரும் கை தட்டினார்கள், பிறகு அவரவர்க்கும் வர ஆரம்பித்துவிட்டதால் அவரவர் இலையைப் பார்த்துக் குனிந்தார்கள். கிழவர் சாப்பிட்டார். பால்குடி மறந்த பிள்ளை முதல் சோறு சாப்பிடுகிற மாதிரி, மூக்கு ஒழுக, மோவாயில் எச்சில் வழிய, வழிந்ததையும் வழித்து நக்கிக்கொண்டு சாப்பிட்டார். திரும்பி இந்தக் காட்சியைப் பார்த்துப் புனமாலையின் நெஞ்சு ஒரு கணம் பிசையத்தான் செய்தது. வயதான மனுஷன், மாதக்கணக்கில் பட்டினி, பார்க்கிற யாருக்கும் பிசையும். அவள் அந்தக் கணம் போகும் வரைக்கும் காத்திருந்தாள். போனதும், சாம்பார் வந்துவிட்டது என்று அவர் உதடு சிவந்ததில் தெரிந்ததும், எழுந்து நேராக நடந்துபோய் அவர் இலைக்கு முன்னால் நின்றாள்.

"ஏலே, எந்திலே" என்றாள்.

கிழவர் நிமிர்ந்தார். புரியவில்லை.

"ஒன்னத்தான். எந்தி. சாப்பிட்டது போதும்."

"டீச்சர்!" என்று மகள் அலறினாள். "ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன், சாப்புடட்டும், டீச்சர்..."

புனமாலை அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையை நீட்டி வாசலைக் காட்டினாள். குற்றாலிங்கம் இடது பக்கம் பார்த்தார். பூல்பாண்டி சோற்றில் பாத்தி கட்டுகிற மாதிரி வெறும் இலையைத் தீவிரமாக அளைந்துகொண்டிருந்தார். வலது பக்கம் பார்த்தார். டாக்டர் ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தார். வரிசை முழுக்கப் பார்த்தார். அவர் வேலை கொடுத்தவர்கள், அவர் தாலி எடுத்துக் கொடுத்துக் கல்யாணம் பண்ணி வைத்தவர்கள், அவரைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டியவர்கள், எல்லாருடைய உச்சந்தலையும் தெரிந்தது, ஒரு முகம் தெரியவில்லை. அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது போலிருக்கிறது. இடது கையைப் பாயில் ஊன்றி, தானாகவே எழுந்தார். ஒன்றும் ஒட்டாத வலது கையைச் சாம்பார் கை போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே வழி பார்த்து, வாசலுக்கு நடந்தார். மகள் பின்னால் ஓடினாள்.

புனமாலை கேட்டது கிடைத்துவிட்டது. அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் பந்தி பாயசத்துக்குப் போயிருந்தது, பின் வரிசையிலிருந்து ஒரு குரல் சாவகாசமாகக் கேட்டது:

"ஏ, இங்க இன்னுங் கொஞ்சம் பாயசம்."

அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு, ஜெனிட்டாவிடம் சொல்லவில்லை, அப்பாவோடுகூடப் பேசிக்கொண்டதில்லை. அன்றைக்கு அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு பந்தியைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ இப்படித்தான் பாயசம் கேட்டார்கள். முதலாளியின் குரல் அவளுக்கு எப்போதோ மங்கிவிட்டது. இந்தக் குரல் மங்கவில்லை.

அவள் ஓவியத்துக்கு முன்னால் திரும்பி வந்து உட்கார்ந்தாள். குனிந்து, இரண்டு கையாலும் காற்றைப் பிடித்து, விருந்து திருப்தி என்று மடிக்கிறவர்கள் மடிப்பது போலத் தன் பக்கமாக மடித்தாள். சுவரில் அந்த இலை மடிந்தது. அறை முழுக்க ஒரே நேரத்தில் வாய்கள் வெறுமனே மென்றன, மென்று நின்றன. நெய் மணம் போய், பழைய வார்னிஷ் நாற்றம் அடித்தது.

"டீச்சர்!" பூல்பாண்டி எழுந்தே விட்டார். "பேச்சு மாறிட்டியளே! ஊரு வயித்துல அடிச்சிட்டியளே! நாங்க என்ன பண்ணுனோம் ஒங்களுக்கு?"

"நீங்க ஒண்ணுமே பண்ணல" என்றாள் புனமாலை. "அன்னைக்கும் பண்ணல, இப்பவும் பண்ணல. பந்தி முடிஞ்சது, எல்லாரும் போய்க் கை கழுவுங்க."

சொல்லிவிட்டு அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். அவளுக்கு வயிறு நிறைந்திருந்தது.